குசினிக்கு எதற்குக் கொங்கிரீட்

அந்த அறைக்கு அத்திவாரக் கல் வைத்த காலையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார். மேசன் பாஸ், கொத்தனார், கஹவத்தையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாராம். பக்கத்துக் காம்பரா அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், அவருடைய வீட்டுக்காரர் தேங்காய் உடைத்திருக்கிறார். கோயில் பூசாரி வரவில்லை. காய்ச்சல் என்று ஆள் அனுப்பியிருந்தார். அந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டதோ அவனும் அங்கே இல்லை. அது நான்.

நான் இரத்தினபுரியில் ஒரு டியூஷன் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் “ஒபிஸ்ல மீட்டிங்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். மீட்டிங் எதுவும் இல்லை. அப்பா எந்த வேலைக்காக அங்கே கல் வைத்தாரோ அந்த வேலையை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகத்தான் நான் இங்கே படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு டொக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன கண்டார், என்ன மருந்து கொடுத்தார் என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்தக் குரல் எங்களுக்கு வரும். நாங்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேட்கக் கேட்க டைப் செய்ய வேண்டும். காலடியில் தையல் மெஷின் பெடல் மாதிரி ஒன்று இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். இத்தனை வரிக்கு இவ்வளவு என்று சம்பளம். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். இங்கிலீஷ் பாடத்தில் நல்ல பெறுபேறு வந்ததால் இரத்தினபுரியில் இருந்த ஒரு சின்ன ஒபிஸில் இந்த வேலை கிடைத்தது. கொரோனாவுக்கு ஒபிஸைப் பூட்டியபோது கம்பியூட்டரை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒபிஸ் திறக்கவே இல்லை. வேலை மட்டும் லயத்துக்கு வந்து தங்கிவிட்டது.

லயம் என்றால் எட்டுக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, வரிசையாக, ஒரே தகரக் கூரையின் கீழ். நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறாது. முதல் காம்பராவில் ஒருவர் தும்மினால் நாலாவது காம்பராவிலிருந்து யாராவது ஏதாவது சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எனக்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்துக் காம்பரா அக்கா என்னைக் கண்டால் விடமாட்டார்.

“தம்பி காதுக்குள்ள அமெரிக்கா. வெளிய நாங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறோம். மூணு வருசமா டீவி நாடகத்த ஊமப் படமாத்தான் பாக்குறேன். அந்த மாமியாக்காரி என்னா சொல்லி அந்தப் புள்ளைய அடிச்சான்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது.”

“சத்தத்த கொஞ்சம் கூட்டி வைங்கக்கா, பரவாயில்ல.”

“ஆமா, கூட்டி வச்சு ஒங்கப்பாகிட்ட யாரு பேச்சு வாங்குறது?”

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மலைக்கு ஏறிவிடுவார். பெடல் சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டே போகிறது என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு துண்டு ரப்பர் ஷீட் கொண்டுவந்து அளவாக வெட்டி அடியில் போட்டார். அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் நான் கேட்கும் டொக்டர்களில் ஒருவரை அவருக்குத் தெரியும். வயதானவர், மெதுவாகப் பேசுவார், ஒவ்வொரு நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் டைப் செய்கிறவர்களுக்கு நன்றி சொல்வார். இதை வீட்டில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அப்பா சாப்பிடும்போது கேட்பார்: “பெரியவரு இன்னைக்கி என்னா சொன்னாரு?” கடைகளில் சிங்கள முதலாளிமாரிடம் “மகே புத்தா டொக்டர்லா எக்க வெட கரனவா” என்பார், என் மகன் டொக்டர்களோடு வேலை செய்கிறான் என்று. அதைக் கேட்டுவிட்டு என்னிடம் முழங்கை வலிக்கு மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு.

தொந்தரவு எல்லாம் மழைதான். எங்கள் பக்கம் மழை பெய்தால் தகரத்தில் கல் கொட்டுவது மாதிரி இருக்கும். மழை நாளில் பால் வெட்ட முடியாது, ஆகவே அப்பா வீட்டில் இருப்பார். மழை நாளில் எனக்குக் குரல் கேட்காது, ஆகவே நானும் வேலை செய்ய முடியாமல் இருப்பேன். ஒரே காம்பராவுக்குள் இரண்டு பேரும். அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே வரியைப் பத்துத் தடவை ஓடவிட்டுக் கேட்பேன். ஒரு மழையில் ஒரு மருந்தின் அளவைத் தவறாக டைப் செய்து, அதற்காக அந்தக் கிழமைச் சம்பளத்தில் வெட்டினார்கள். அப்பா எழுந்து போய் முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈ.பி.எஃப். சேமிப்புப் பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொன்னார்: “பின்னுக்கு ஒரு ரூம் கட்டுறோம். மேல கொங்கிரீட்டு. மழ சத்தம் உள்ளாற வரப்படாது.”

லயத்துக்குப் பின்னால் நினைத்தபடி கட்ட முடியாது. மண் தோட்டத்துடையது. மனேஜர் தொரையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். புது அறை என்றால் கொடுக்கவே மாட்டார்கள். குசினி, அதாவது சமையலறை, என்றால் கொடுப்பார்கள், உள்ளே புகை நிறைகிறது என்று எல்லோரும் கேட்பதால். ஆகவே அப்பா குசினி என்று கேட்டார். நான்தான் கடிதத்தை எழுதினேன். மூன்று மாதத்துக்குள் கூரையோடு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இடித்துவிடுவோம் என்று பதில் வந்தது. அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

அந்தத் துண்டு கைக்கு வந்த கிழமையேதான் எங்கள் ஒபிஸ் மேடம் ஃபோன் எடுத்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார், தம்பி என்று.

“மல்லி, மே வெட தென் இவரய்” என்றார். இந்த வேலை இனி முடிந்தது.

எனக்கும் தெரியாமல் இல்லை. கொஞ்ச நாளாகவே குரலை முதலில் மெஷின் கேட்டு எழுதிவிடும். நாங்கள் பிழை மட்டும் திருத்துவோம். பிழை குறையக் குறைய வரிக்குக் கிடைத்த சல்லியும் குறைந்தது. வருடக் கடைசியோடு அதுவும் நிற்கிறது என்றார் மேடம். “நீ கோடிங் படி. உனக்கு நோய்ப் பேரெல்லாம் தெரியும், பாதித் தூரம் வந்துட்டே” என்றும் சொன்னார். அவர் சொன்ன கோடிங் வேறு வேலை. டொக்டர் எழுதி முடித்த ரிப்போர்ட்டை வாசித்து, அதில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் அதற்கென்று உள்ள எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்புறுதிக் கம்பனி காசு கொடுக்கும். ஹெட்ஃபோன் வேண்டாம், பெடல் வேண்டாம். காதுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்போது பாஸோடு நின்று குச்சி நட்டு நூல் கட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நாளைக்கு ப்ளொக் கல் வந்து இறங்கியது. பரீட்சை பாஸாகாவிட்டால் என்ன செய்வது, பாஸானதும் சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. இதெல்லாம் சாட்டுத்தான். அவர் பஸ்ஸில், கடையில், கோயிலில் என்று எல்லா இடத்திலும் என் வேலையைச் சொல்லி வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மீட்டிங் என்று போனேன். நான் போன ஞாயிறுகளில் சுவர் எழும்பியது.

வகுப்பில் நான் கெட்டிக்காரனாக இருப்பேன் என்று நினைத்தேன். முதல் மாதிரிப் பரீட்சையில் இருபது பேரில் கடைசிக்கு முந்தின ஆள். எனக்கு நோய்களின் பெயர் தெரியும், மருந்துகளின் பெயர் தெரியும், அதுதான் வினையானது. ரிப்போர்ட்டில் இன்சுலின் என்று இருக்கும். சீனி வருத்தம் என்று டொக்டர் எங்கேயும் எழுதியிருக்க மாட்டார். நான் சீனி வருத்தத்துக்கு எண் போட்டு வைப்பேன். மூன்று வருடம் குரல் கேட்டவனுக்கு, டொக்டர் முழுங்கிய சொல்லைக்கூடப் பிடித்துப் பழக்கம். அவர் மூச்சு விடும் விதத்திலேயே அடுத்து நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரிந்துவிடும்.

பாடம் எடுத்த பெண்ணுக்கு என்னைவிட ஒரு வயது குறைவாகத்தான் இருக்கும். என் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார், “இது யாரு டொக்டர், நீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“மருந்தப் பார்த்து நோயைப் போடக்கூடாது. அவர் எழுதலைன்னா நம்மளுக்கு அது நடக்கல. தெரிஞ்சாலும் தெரியாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. ஆனால் கஹவத்தைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அப்பாவின் முழங்கால்தான் ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் சுகமில்லை என்றால் டிஸ்பென்சரி ஐயாவிடம் போய்த் துண்டு வாங்க வேண்டும். துண்டு இருந்தால்தான் லீவு. முதுகு வலி, கால் வலி என்று போனால் ஒரு தைலத்தைக் கொடுத்து மலைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். காய்ச்சல் என்றால் துண்டு நிச்சயம். ஆகவே எங்கள் ஆட்கள் எதற்கும் காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பா சரிவில் வாளியோடு விழுந்து முழங்கால் வீங்கிக் கிடந்தார். அப்போதும் காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் துண்டு வாங்கினார். ஓய்வு பெறும்போது முழங்காலுக்கு ஏதாவது நட்டஈடு கேட்கலாமா என்று நான் டிஸ்பென்சரிப் புத்தகத்தைப் பார்க்கப் போனேன். வருடக்கணக்காக அவர் பெயருக்கு நேரே காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். முழங்கால் என்று ஒரு இடத்திலும் இல்லை. அந்தப் புத்தகத்தை வாசிக்கிற யாருக்கும் அந்த முழங்காலுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அந்த முழங்காலோடுதான் அவர் சீமெந்து தூக்கினார்.

லொறி எங்கள் லயம் வரை ஏறாது. கீழே சந்தியில், பலா மரத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விடும். கொங்கிரீட் போட நாள் குறித்து, சீமெந்து மூட்டையெல்லாம் சந்தியில் வந்து கிடந்த பின்னேரம். மழை கறுத்துக்கொண்டு வந்தது, நனைந்தால் எல்லாம் கல்லாகிவிடும். அக்காவின் வீட்டுக்காரர், பக்கத்துக் காம்பரா அண்ணன், ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். அப்பாவும் நானும் பின்னால். ஓடைப் பாலத்துக்கு வந்ததும் அப்பா மூட்டையைக் கட்டையில் இறக்கி வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் இறக்கினேன்.

“தம்பி, கொங்கிரீட்டு போட்டுட்டா மழ சத்தம் சுத்தமா கேக்காதுதானே?”

“கேக்காதுப்பா.”

“பாஸும் அப்பிடித்தான் சொன்னான். அப்ப பெரியவரு பேசுறது தெளிவா கேக்கும்.”

இன்னும் பத்து மூட்டை கீழே கிடந்தது. இதை மேலே கொண்டுபோய்க் குழைத்துக் கொட்டிவிட்டால், அதற்குப் பிறகு நான் சொல்வதால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

“அப்பா, பெரியவரு இனி பேசமாட்டாரு.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “என்னாடா? செத்துப் போயிட்டாரா?”

“இல்லப்பா. அவரு பேசுறத இப்ப மெஷின் கேக்குது. அதே எழுதிருது. எங்களுக்கு வேல இந்த வருசத்தோட முடியுது.”

பிறகு நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் ஃபோன் எடுத்தது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மீட்டிங் என்று சொன்ன பொய், பரீட்சை. புது வேலைக்குக் காது தேவையில்லை, மழை பெய்தாலும் செய்யலாம் என்பதையும் சொன்னேன். 

“எப்பலேர்ந்து ஒனக்குத் தெரியும்?”

“கல்லு வைக்கிறதுக்கு முந்தியே.”

அவர் சீமெந்து மூட்டையின் தையலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். மேலே போன அண்ணன் வெறுங்கையோடு திரும்பி இறங்கி வந்து, “என்னா மாமா, அப்பனும் மகனும் சீமெந்துக்குக் காவலா?” என்று சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். அவர் தலை மறைந்ததும் அப்பா நிமிர்ந்தார்.

“அப்ப நீயும் காய்ச்சல்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்க” என்றார்.

பிறகு கேட்டார்:

“அந்தப் பரீட்சைக்கு எவ்வளவு கட்டணும்?”

டொலரில் சொல்லி, பிறகு ரூபாயில் சொன்னேன். வகுப்புக்கு என் கையிலிருந்ததெல்லாம் போய்விட்டது, பரீட்சைக்கு இல்லை என்றும் சொன்னேன். அவர் எழுந்தார். மூட்டையைத் தூக்கிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். தூக்கித் தலையில் வைத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போனார்.

இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. அம்மாவிடம் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். அம்மா தேயிலை மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவார். ஒருமுறை மட்டும் என்னிடம், “மீட்டிங்னு போனவன் ஒருநாளும் சோறு குடுத்தாங்கன்னு சொல்லல. அப்பவே நெனச்சேன்” என்றார்.

கட்டட வேலையை அப்படியே நிறுத்தியிருந்தால் என்ன என்று கேட்கலாம். நிறுத்த முடியாது. மூன்று மாதத்தில் முக்கால்வாசி ஓடிவிட்டது. கூரையில்லாத சுவரை இடிக்கச் சொல்லி ஆள் வரும், போட்டதெல்லாம் மண். கூரை போட்டாக வேண்டும். எப்படிப்பட்ட கூரை என்பதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் பாஸ் கொங்கிரீட் கொட்டப் பலகை அடிக்க வந்தார். அப்பா அறைக்குள் நின்று, என் மேசை வரப்போகிற மூலையிலிருந்து அடி வைத்து அளந்து, நடுவில் காலால் ஒரு கோடு கிழித்தார்.

“பாஸ், இந்தக் கோடு வரைக்கும் கொங்கிரீட்டு. மத்தப் பாதி தகரம்.”

“பாதி ஸ்லாப்பா?” பாஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும், கோபம் வந்தால் சிங்களம் வரும். “அய்யோ, மினிஸ்ஸு ஹினா வெய்.” ஆட்கள் சிரிப்பார்கள் என்றார்.

“சிரிக்கட்டும். சிரிக்கிற சத்தம் கேக்காத பக்கத்துல அவன் இருப்பான்.”

மிச்சக் கம்பியையும், பிரிக்காத சீமெந்தையும் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். கடை முதலாளி கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் காசு தந்தார். அன்று பின்னேரம் அப்பா அந்தக் காசுக்கட்டை என் கீபோர்டின் மேல் வைத்தார். “டொலர் ஏறுறதுக்கு முந்தி கட்டிரு” என்றார். மூன்று நாளில் அதுதான் முதல் பேச்சு. தகரத்துக்குக் கொடுத்து மிஞ்சியது பரீட்சைக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. அந்தப் பாதிக் கூரையைத்தான் நான் கட்டணமாகக் கட்டினேன்.

கூரை முடிந்த மறு கிழமை தோட்டத்து மேற்பார்வையாளர் பீல்ட் ஐயா பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. வந்து பார்த்துக் குசினி என்று எழுதினால்தான் கட்டடம் நிற்கும். உள்ளே ஒரு மேசையும் கம்பியூட்டரும்தான் இருந்தன. அம்மா மூன்று கல்லைக் கொண்டுவந்து தகரப் பக்கம் வைத்து, விறகை மூட்டி, உலையை ஏற்றிவிட்டார். கம்பியூட்டரின் மேல் அம்மாவின் பழைய சேலை. அதன் மேல் ஒரு சுளகு, சுளகில் நாலு வெங்காயம்.

பீல்ட் ஐயா வாசலில் நின்று புகையைப் பார்த்தார். “ஹொந்த குஸ்ஸியக்” என்றார், நல்ல குசினி. பிறகு மேலே பார்த்தார்.

“குசினிக்கு எதுக்கு கொங்கிரீட்?”

“பொக தகரத்த தின்னுருமுங்க ஐயா” என்றார் அப்பா.

“பொக இந்தப் பக்கந்தானே வருது? இங்க தகரம் இருக்கு. கொங்கிரீட் அந்தப் பக்கமில்ல இருக்கு?”

அம்மா அகப்பையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “சல்லி முடிஞ்சிருச்சுங்க ஐயா.”

அது முழுப் பொய்யும் இல்லை. பீல்ட் ஐயா சிரித்துவிட்டார். பிளேன்டீ குடித்தார். கண்ணில் பட்டது அடுப்பு, எழுதியது குசினி. சேலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, கேட்பது அவர் வேலையும் இல்லை. அந்தக் கிழமைதான் எனக்கு வகுப்பில் முதல் தடவையாக நல்ல மாக்ஸ் வந்தது.

பரீட்சை வீட்டிலிருந்தே எழுதுவது. எங்கேயோ இருக்கிற ஒருவர் கமெரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது, கேட்டால் நிறுத்திவிடுவார்கள். இதை வாசித்துக் காட்டியபோது அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்ப ரூம் தேவைதான்” என்றார்.

பரீட்சையன்று காலை பக்கத்துக் காம்பரா அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா பழைய பால் வெட்டுக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, ஆட்கள் வரும் பாதையில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கமெராவில் வந்த மனிதர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். சுவர், கூரையின் ஒரு பாதி, மறு பாதி. மூன்று கறுத்த கல்லில் கமெரா நின்றது. அது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். “கிச்சன் சார்” என்றேன். அவர் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தொடங்கலாம் என்றார்.

இரண்டாவது மணித்தியாலத்தில் மழை பிடித்தது. தகரப் பாதி அலறியது. என் தலைக்கு மேலே கொங்கிரீட் பேசாமல் இருந்தது, ஆனால் அறை ஒன்றுதானே, சத்தம் முழுவதும் உள்ளே வந்தது. கை தானாகவே காதுக்குப் போனது. காதில் ஒன்றும் இல்லை. எனக்குக் கேட்க வேண்டியதும் ஒன்றும் இல்லை. திரையில் யாரோ ஒரு நோயாளியின் ரிப்போர்ட், அதை வாசித்தால் போதும். பெரியவரின் குரல் ஞாபகம் வந்தது. இப்போது அவர் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்வதை அந்த மெஷின் என்ன செய்கிறதோ என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன். பிறகு அடுத்த கேள்விக்குப் போனேன். எழுதாத நோய் எதற்கும் அன்று நான் எண் போடவில்லை.

நாலு மணித்தியாலம். மழையைக் கண்டு யாரும் என்னை நிறுத்தவில்லை. வெளியே வந்தபோது அப்பா பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு அதே கல்லில் இருந்தார். அந்த மழையில் அந்தப் பாதையில் யார் வரப்போகிறார்கள்?

“யாரும் வரலயே?” என்று கேட்டேன்.

“நாய் ஒண்ணு வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்.”

பாஸாகிவிட்டேன். கொழும்பில் மூன்று மாதம் பழக்கிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். பெடலையும் ஹெட்ஃபோனையும் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரப்பர் ஷீட் துண்டை மட்டும் கொடுக்கவில்லை. அது இப்போது ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் இருக்கிறது.

வேலையைத் திரும்ப வீட்டில் தொடங்கிய முதல் நாள், அக்கா வாசலில் வந்து நின்று, நான் படிக்கிற நேரத்தில் பேசும் அதே சின்னக் குரலில் கேட்டார்:

“தம்பி, இனிமே நாடகத்த சத்தமா பாக்கலாமா?”

“பாருங்கக்கா. எவ்வளவு சத்தமானாலும் பாருங்க.”

அன்று பின்னேரம் லயத்தில் எட்டுக் காம்பராவிலும் டீவி கத்தியது. மூன்று வருடச் சத்தத்தையும் ஒரே நாளில் தீர்த்துக்கொண்டார்கள். நான் மேசையை இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தை அழ, யாரோ யாரையோ கூப்பிட, எண் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் அந்த அறையில் அம்மா அடுப்பை ஒழுங்காகக் கட்டி, பானை சட்டியெல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டார். அடுப்பைக் கொங்கிரீட் பக்கத்துக்கு மாற்றிவிட்டார், புகை தகரத்தைத் தின்னாமல் இருக்க. சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டும் அந்த அறையும் இப்போது ஒன்றையே சொல்கின்றன.

போன சனிக்கிழமை அப்பா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கல், மணல், கம்பி, கூலி என்று எல்லாப் பில் துண்டும் அதில் இருந்தன. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றையும் எறிந்ததில்லை. கட்டுகிற காலத்தில் ஒருநாளாவது கூட்டித்தரச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் தொகை என்னவென்று தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

“இப்ப கூட்டு” என்றார். “கடைக்காரன் கழிச்சதையும் போடு. ஒன் கிளாஸ் சல்லி, பஸ் காசு, பரீட்சைக்குக் கட்டினது, எல்லாத்தையும் போடு.”

“எதுக்குப்பா இப்ப?”

“யாராச்சும் கேட்டா சொல்லணும்ல. கொறச்சும் சொல்லாத, காய்ச்சல்னும் சொல்லாத. உள்ளத சொல்லு.”

அம்மாவும் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் ஒரே எண்தான் வந்தது. வாய்விட்டு, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“ஆறு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.”